ஏழாம் தொட்டியைத் திறந்துவிட்ட கதை

போன மாதம் முருகேசன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். இறால் பொரிப்பகத்தில் என்னிடம் வேலை பழகி, இப்போது அதே பாசி அறைக்குப் பொறுப்பாக இருப்பவன். அறைக் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ‘ஒவ்வொரு தொட்டிக்கும் தனி மக். ஒன்றில் முக்கியதை இன்னொன்றில் முக்காதே.’ அதற்குக் கீழே அவன் கேள்வி: ‘அண்ணாச்சி, ஒங்க காலத்துல எப்படி? புதுப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. தமாசா இருக்கட்டும்.’

எங்கள் காலத்தில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே மக்தான். கைப்பிடி உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் மக். அதில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, இடுப்பில் தொங்கவிட்டிருப்பேன். போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருப்பதுபோல என்று எனக்கு நினைப்பு. குளியலறையிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன் மாதிரி இருப்பதாக மற்றவர்கள் சொல்லுவார்கள்.

தமாசு எழுத எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீடோ, துக்க வீடோ, சபைக் கூட்டமோ, நான் உட்கார்ந்த இடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்க மாட்டாள். முப்பது வருடத்துக்கு மேலாக அதே சரக்கைக் கேட்கிறவள் அவள். ஆனால் அந்த மக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வர மறுக்கிறது. வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில்காரன். எங்கள் ஊரில் உப்பு இருப்பது மளிகைக் கடையில் மட்டும். விலங்கியல் படித்துவிட்டு, தவளையை அறுக்கத் தெரிந்த தகுதியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் ஓர் இறால் பொரிப்பகத்தில் ஆள் எடுத்தார்கள். முதல் நாள் தண்ணீரின் உப்பளவைப் பார்க்கச் சொன்னபோது, ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு ‘சரியா இருக்கு சார்’ என்று சொன்னவன் நான். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம். ஒரு வருடம் குழாய் கழுவினேன். ஒரு வருடம் நுண்ணோக்கியில் எண்ணினேன். மூன்றாம் வருடம் பாசி அறை என் கைக்கு வந்தது. என் பயிற்சிக் காலம் முழுவதும் இவ்வளவுதான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வந்த இறால் குஞ்சு, முதல் இரண்டு நாள் தாய் கொடுத்துவிட்ட சாப்பாட்டை வைத்து ஓட்டிவிடும். அதற்குப் பிறகு அதற்குப் பசிக்கும். அந்த வயதில் அது தின்பது டயட்டம் என்கிற பாசி. ஒரே ஒரு செல். கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கும் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தொட்டி கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருக்கும். மேலே வெயில் பட்டால் தங்கம் உரைத்த கல்லைப்போல ஒரு மினுக்கம். குஞ்சு வயிறாரத் தின்றதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதன் வாலுக்குப் பின்னால் உடம்பைவிட நீளமாக ஒரு மலநூல் இழுபடும். நூல் இருந்தால் சாப்பிட்டிருக்கிறது. இல்லையென்றால் பட்டினி. மற்றவர்கள் கடலைப் பார்த்துக் கவிதை எழுதுகிற வயதில், நான் விடியக்காலம் டார்ச் அடித்து இறால் குஞ்சின் மலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு டன் தண்ணீர் பிடிக்கும் தொட்டிகள் ஏழு. முதல் ஆறில் கீட்டோசெரஸ் என்ற வகை. நாங்கள் கீட்டோ என்போம். ஏழாவதில் ஸ்கெலிட்டோனீமா என்ற வேறொரு வகை. அது ஸ்கெலி. இரண்டும் டயட்டம்தான். கத்தரியும் தக்காளியும்போல ஒரே குலத்தில் வேறு வேறு செடி.

சட்டப்படி ஒவ்வொரு தடவையும் சோதனைக் குழாயில் இருக்கும் சுத்தமான மூல விதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குழாயிலிருந்து குடுவை, குடுவையிலிருந்து பெரிய ஜாடி, ஜாடியிலிருந்து தொட்டி. பத்துப் பன்னிரண்டு நாளாகும். ஒவ்வொரு படியிலும் கொதிக்க வைக்க வேண்டும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கடைசி விதிதான் எனக்குக் கஷ்டம். நான் கண்டுபிடித்த குறுக்குவழி, எங்கள் வீடுகளில் தயிருக்கு உறை ஊற்றுவதுதான். நேற்றைய தொட்டியிலிருந்து நாலு மக் எடுத்து இன்றைய தொட்டியில் ஊற்றினால் தீர்ந்தது. இரண்டு நாளில் தங்க நிறம். ‘உறை மோர் டெக்னாலஜி’ என்று அதற்கு நானே பெயர் வைத்து, எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் மேலாளர் சுப்பையா சார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் விட்டுப் பார்ப்பார். பிறகு அந்தக் கையைச் சட்டையில் துடைக்காமல் காற்றில் காயவிட்டபடியே அடுத்த தொட்டிக்கு வருவார். பேனாவில் எழுத விடமாட்டார். ஈரம் பட்டால் அழியும் என்பார். எங்கள் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்திருந்தார். இடது பக்கம் ‘பார்த்தது’. வலது பக்கம் ‘நினைத்தது’. நுரை கட்டியிருக்கிறது என்றால் இடது பக்கம். காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம் என்றால் வலது பக்கம். நாம் ஏதாவது சொன்னால் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்:

“பாத்தீராவே, நெனச்சீராவே?”

நினைத்தேன் என்றால் கோபிக்க மாட்டார். வலது பக்கம் எழுதிவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார். பார்த்தேன் என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அடுத்தவன் கண்ணை அவ்வளவு நம்புகிற ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இனி எஸ்தரக்கா. எங்கள் சங்கரன்கோவில் சபையைச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் இறந்துபோய், ஒரு மகளோடு பனவடலிசத்திரம் பக்கம் மிளகாய் வயலுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பொரிப்பகத்தில் தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்றபோது நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மகளை விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடற்கரையில் பெண்கள் குடியிருப்பில் தங்கினார். ஊரில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவார். அங்கே ‘சார்’. நானும் ஊரில் ‘எஸ்தரக்கா’ என்பேன். அங்கே நாலு பேர் முன்னால் வெறும் ‘எஸ்தர்’. இதுவும் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வரிசையில் இது பின்னால் நிற்கிறது.

அவர் கழுவினால் தொட்டி பேசும். முதலில் சோப்புத் தண்ணீர், நார் போட்டுத் தேய்ப்பு. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று அலசு. பிறகு பிளீச்சிங். மறுபடி மூன்று அலசு. கடைசியில் உள்ளங்கையால் சுவரை ஒரு வழி வழித்து, முகர்ந்து பார்த்து, நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார். மூன்று அலசு என்று எழுதியிருந்த இடத்தில் அவர் நான்கு அலசினார். தண்ணீரை வீணாக்குவதாக நான் ஒரு தடவை கேலி பண்ணினேன். “எம் பிள்ளைக்கு சோறு பொங்குற பானைன்னா மூணோட விடுவேனா சார்?” என்று கேட்டுவிட்டு அவர்பாட்டுக்கு நாலாவது அலசு அலசினார்.

அந்த வருடம் மாசி மாதம் கடைசி. பண்ணைக்காரர்கள் குஞ்சுக்குக் காத்துக்கிடந்த சமயம். ஒரு காலையில் இரண்டாம் தொட்டி வெளிறியிருந்தது. முந்தின நாள் காப்பியாக இருந்தது, இன்று பால் கூடிப்போன டீயாக இருக்கிறது. ஓரத்தில் நுரை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கீட்டோ முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய் விதையிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். நான் செய்தது, இடுப்பிலிருந்த மக்கை எடுத்து இரண்டாம் தொட்டியில் முக்கி, நிறம் பார்த்து, முகர்ந்து, அதே மக்கை மூன்றாம் தொட்டியில் விட்டு அலசியது. பிறகு, ‘பாதி உயிர் இருக்கும்போதே காப்பாற்றிவிடுவோம்’ என்று இரண்டிலிருந்து நாலு மக் எடுத்து, புதிதாகத் தண்ணீர் நிரப்பியிருந்த ஐந்தில் உறை ஊற்றினேன். பேதி கண்ட வீட்டிலிருந்து உறை மோர் வாங்கி ஊருக்கெல்லாம் தயிர் போட்ட கதை.

இரண்டாம் தொட்டி மறுநாள் தெளிந்துவிட்டது. தெளிவு என்றால் நல்ல விஷயம் என்று நினைக்காதீர்கள். அடியில் அழுக்கு நிறத்தில் ஒரு படிவு. மேலே வெறும் தண்ணீர். பிறகு மூன்று, அப்புறம் ஐந்து, நாலு. நாலு நாளைக்குள் ஆறு கீட்டோ தொட்டியும் செத்துவிட்டன.

ஏழாம் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கெலி, அப்போதுதான் குஞ்சுக்குக் கொடுக்கும் பதத்துக்கு வந்து, ஜம்மென்று, தங்க நிறத்தில், எனக்கு என்ன என்று நின்றது. அதிலும் அதே மக்கைத்தான் முக்கியிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் சுப்பையா சார் தொட்டி வரிசையின் ஆரம்பத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். வாசலில் பண்ணைக்காரர்களின் வண்டிகள். அந்த அவசரத்தில் அவர் அன்று தொட்டி தொட்டியாகச் சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை. உள்ளே குஞ்சுகள் நூல் இல்லாமல் வெறும் வாலோடு நீந்திக்கொண்டிருந்தன. காரணம் கேட்டார். உறை மோரை அவரிடம் எப்படிச் சொல்ல? குழாய் விதையிலிருந்து ஆரம்பிப்பதாகத்தான் பதிவேட்டில் நாலு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். தொட்டிச் சுவரோரம் எஸ்தரக்காவின் சோப்பு வாளி இருந்தது. என் கண் அதில் போய் விழுந்தது. வாயும் பின்னாலேயே போனது.

“கழுவுறதுல சோப்பு நின்னுருக்கு சார். சரியா அலசல.”

அவர் பென்சிலை எடுத்தார்.

“பாத்தீராவே, நெனச்சீராவே?”

“பாத்தேன் சார்.”

இடது பக்கத்தில் எழுதினார். எஸ்தரக்காவைக் கூப்பிட்டார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறவில்லை, அழவில்லை. கொஞ்சநேரம் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“சார், அஞ்சையும் ஏழையும் ஒரே நாளு, ஒரே வாளியிலதான் கழுவுனேன். சோப்புன்னா ஏழுஞ்சேந்துல்லா சாகணும். அது நல்லாத்தான இருக்கு.”

எட்டாம் வகுப்பு படித்த பெண். நான் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் வாயில் வராத அறிவியல், அவர் வாயில் இரண்டு வரியில் வந்துவிட்டது. சுப்பையா சார் என் பக்கம் திரும்பினார். ஏழாம் தொட்டி வரிசையின் கடைசியில், வெயில் மறைக்கும் படுதாவுக்குக் கீழே இருந்தது. நாற்பது அடி நடந்தால் பார்த்துவிடலாம். வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நடக்கவில்லை. என்னைக் கேட்டார்.

“ஏழு எப்படிவே இருக்கு?”

“அதுவும் மட்டமாத்தான் இருக்கு சார். காலையில பாத்தேன்.”

“அப்ப குஞ்சுக்குப் போயிரக் கூடாது. தொறந்து விட்டுரும்.”

அவர் வாசலுக்குப் போனார். நான் படுதாவை விலக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல தொட்டியை நான் வளர்த்ததில்லை. பின்னாலும் வளர்க்கவில்லை. வால்வைத் திறந்தேன். வாய்க்காலில் தங்க நிறமாக ஓடியது. ஒரு டன் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எஸ்தரக்கா வாய்க்கால் ஓரத்தில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், இந்தத் தண்ணீர் கிடைத்தால் பிழைத்திருக்கும் குஞ்சுகள் இருந்தன. மறுநாள் அவற்றை வலையில் அள்ளிக் கொட்டினோம்.

எஸ்தரக்காவை அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். தனக்குக் கொடுத்திருந்த ரப்பர் பூட்ஸைக் கழுவி, காய்வதற்காகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதையும் நாலு தடவை அலசியிருப்பார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் பொய்யன். இதற்கு மேலும் ஒன்று செய்தேன். அடுத்த மாதம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில், எஸ்தரக்கா ஏன் திரும்பி வந்துவிட்டார் என்று யாரோ கேட்டார்கள். பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. “அக்கா குளிப்பாட்டுனா பிள்ளையே கரைஞ்சிரும்வே, அம்புட்டு சோப்பு” என்றேன். பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் ‘சோப்பக்கா’ ஆகிவிட்டார். என் நகைச்சுவையில் இவ்வளவு நாள் நிலைத்து நின்றது அது ஒன்றுதான்.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். எல்லோரும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறு பொங்கும் அண்டாக்களைக் கழுவி அடுப்பேற்றுவது, வேலை தெரிந்த நாலைந்து பெண்களின் உரிமை. எஸ்தரக்காவின் அம்மா காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டுக்கு உண்டு. அந்த வருடம் அவர் அண்டாவில் கை வைக்கப் போனபோது, ‘ஏட்டி, சோப்பக்கா வேண்டாம்டி, சோத்துல நுரை வரும்’ என்று ஒருத்தி சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவரையும் சிரிக்க வைத்து, கத்தரிக்காய் நறுக்கும் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். என் வீட்டுக்காரிதான் வந்து சொன்னாள். அவளும் சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். தினமும் பஸ். நான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைக் கண்டால் ஒளிந்தேன். ஒரு தடவை சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் அவர் என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். நான் கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் தாவி ஏறினேன். அது கரிவலம்வந்தநல்லூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அவர் அன்றைக்கு என்னை நோக்கி வரவில்லை, எனக்குப் பின்னால் இருந்த புளியங்குடி பஸ்ஸுக்கு வந்திருக்கிறார் என்பது பிறகு புரிந்தது.

பல வருடம் கழித்து, பாசி அறைக்காரர்களுக்கு ஒரு கல்லூரியில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பாடம் எடுத்தது ஓர் இளம் பெண் விஞ்ஞானி. திரையில் ஒரு படம் போட்டார். டயட்டத்தின் கண்ணாடிப் பெட்டி. அதற்குள், பிளந்த மாதுளையில் முத்து அடுக்கியதுபோல, நுண்ணிய உருண்டைகள். டயட்டத்தையும் கொல்லும் வைரஸ்கள் இருக்கின்றன என்றார். ஒரு மயிரின் தடிமனுக்குள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும் அளவாம். நாங்கள் நம்பியிருந்த வடிகட்டிகளில் அது கோயில் வாசலில் எறும்பு போவதுபோலப் போய்விடும். உள்ளே புகுந்து பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வந்து அடுத்ததைப் பிடிக்கும். சில நாளில் தொட்டி வெளிறி, நுரைத்து, தெளிந்துவிடும். அதைவிட முக்கியமானதை அடுத்துச் சொன்னார். ஒரு வைரஸ் பெரும்பாலும் ஒரு வகை டயட்டத்தைத்தான் தாக்கும். பக்கத்தில் வேறு வகை நின்றால் சீண்டாது.

எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கையைத் தூக்கி, எப்படிப் பரவும் என்று கேட்டேன்.

“தண்ணியோட போகும் சார். நீங்க முக்குற பாத்திரத்தோட போகும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வழக்கம்போல நான் ஏதாவது சொல்லுவேன் என்று. “அப்ப மக்குக்குப் பெயில் போட வேண்டியதுதான்” என்றேன். வகுப்பு சிரித்தது. நான் வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று, இல்லாத பீடிக்கு நெருப்புத் தேடினேன். நான் பீடி குடிப்பதில்லை.

எங்கள் தொட்டியில் அன்றைக்கு வந்தது அந்த வைரஸ்தானா? சத்தியம் பண்ண மாட்டேன். அந்தத் தண்ணீரை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் நடந்தது அத்தனையும் அதன் வழக்கத்தோடு ஒத்துப்போகிறது. நாலைந்து வருடம் அந்த வைரஸை எனக்கு வக்கீலாக வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று. வக்கீல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து வாயடைத்துப் போவார். வைரஸ் ஏழாம் தொட்டியைத் தொடவில்லை. அதைத் திறந்தது நான்.

சுப்பையா சாரிடம் சொல்ல நினைத்தபோது அவர் இல்லை. இடது பக்கத்தில் என் பொய் பென்சிலில் அழியாமல் இருக்க, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓய்வு பெற்று சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டேன். ஒரே ஊர், ஒரே சபை. ஒளிவதற்கு பஸ்ஸும் கிடையாது. முருகேசனின் படம் வந்த அன்று சாயங்காலம், அசனத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, எஸ்தரக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினார். நான் மக்கில் ஆரம்பித்து, உறை மோர், வைரஸ், ஏழாம் தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் வைரஸ் எவ்வளவு சிறியது என்று விரிவாக விளக்கினேன். கோழைகளுக்கு அறிவியல் பெரிய துணை. அவர் தைலப் புட்டியை மூடினார்.

“இத ஏன் சார் என்கிட்ட வந்து சொல்லுதீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. வாய்க்கால்ல ஓடுன தண்ணி நெறத்த நானுந்தான பாத்தேன். தெரியாதவங்க அங்கன இருக்காங்க. அங்கன வந்து சொல்லுங்க.”

அங்கன என்றால் அசனத்தில். சரி என்றேன். வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து சொன்னார், சிரிப்புக் காட்டாமல் சொல்ல வேண்டும் என்று.

அசனத்தன்று காலை ஏழு மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. சமையலுக்குத் தலைவி கிரேஸ் அக்கா, எழுபதைத் தாண்டியும் குரல் குறையாதவர், அண்டாக்களை வரிசையாக வைத்துக் கழுவ ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். எஸ்தரக்கா கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால், ஒரு முக்காலியில் இருந்தார். நான் நடுவில் போய் நின்று, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். முப்பது முகங்கள் நிமிர்ந்தன. முப்பதிலும் சிரிப்பு அப்போதே தயாராக இருந்தது. வாய் தன் பழைய வழியைப் பிடித்துக்கொண்டது.

“அன்னைக்குத் தொட்டியெல்லாம் செத்துச்சே, அது எஸ்தரக்கா சோப்பு இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. அதுக்கு ஆட்டோ ஓட்டுனது நான்.”

பந்தல் அதிர்ந்தது. அண்டா கழுவ வந்த பெண் ஒருத்தி சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். சார்வாள் அசனத்துக்கு அசனம் புதுசு புதுசாகக் கொண்டு வருகிறார் என்று யாரோ பாராட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

எஸ்தரக்கா நிமிரவில்லை. நான் பக்கத்தில் போனதும், கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“அன்னைக்குப் பொய்ய எம்புட்டு அழகா, சிரிக்காம சொன்னீக சார்.”

நான் திரும்பினேன். கிரேஸ் அக்காவுக்கு முன்னால் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எஸ்தரக்கா சரியாகத்தான் கழுவினார். அவர்மேல் தப்பில்லை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு தொட்டி உயிரோடு நின்றது. நான் அதையும் செத்துவிட்டது என்று பொய் சொல்லி, என் கையால் திறந்துவிட்டேன். என் வேலையைக் காப்பாற்ற அவர் வேலையைத் தொலைத்தேன். சோப்பக்கா என்ற பெயருக்கு வித்திட்டதும் நான்தான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்த பெண் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். என் வீட்டுக்காரி கையிலிருந்த அகப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிரேஸ் அக்கா கையிலிருந்த தேய்ப்பு நாரை எஸ்தரக்கா பக்கம் நீட்டினார்.

“எஸ்தரு, வாட்டி. பெரிய அண்டா ஒன்னுது. நீ கழுவி ஏத்து.”

எஸ்தரக்கா நாரைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அது தரையில் சாய்ந்து, ஆள் குந்தி உட்கார்ந்து உள்ளே தலையை விட்டுத் தேய்க்க வேண்டிய உயரத்தில் கிடந்தது.

“முட்டு மடங்க மாட்டேங்குதுக்கா. குத்தவச்சு உக்காந்தா எந்திரிக்க முடியல. மூணு வருசமாச்சு” என்றார். “வேற ஆளப் பாருங்க.”

அடுத்த கத்தரிக்காயை எடுத்து, காம்பை நறுக்கினார்.